வீட்டுத் திரையரங்கில் ஓயாத முனகல்: தொல்லை தருவது யார்?

பெருநாள் விடுமுறை. வரவேற்பறையில் 65 அங்குலத் தொலைக்காட்சி புதிதாக வந்திருக்கிறது. அதன் இரு பக்கமும் உயரமான ஸ்பீக்கர்கள், சோபாவுக்குப் பின்னால் இரண்டு, எதிர் மூலையில் ஒரு சப்வூபர். பிள்ளைகள் பாய் விரித்து முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டுப் படத்தை ஓடவிடுகிறார் குடும்பத் தலைவர்.

கதாநாயகி மெல்லிய குரலில் பேசும் இடம் வருகிறது. அந்தக் குரலுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கிறது. சமையலறையில் குளிர்பெட்டி ஓடத் தொடங்கியதும் ஸ்பீக்கரில் 'டக்' என்று ஓர் அடி விழுகிறது. யாரோ அறை விளக்கை அணைக்க, திரை இரண்டு விநாடி கறுத்துப்போய்த் திரும்புகிறது. விசிறியின் வேகத்தைக் குறைத்தால் 'கர்ர்ர்' என்று வேறொரு இரைச்சல் சேர்ந்துகொள்கிறது. பல ஆயிரம் வெள்ளி செலவழித்து வாங்கிய சாதனம் பழுதானதோ என்ற கவலை அந்த வீட்டில் புகுந்துவிடுகிறது.

பெரும்பாலும் சாதனத்தில் பழுது எதுவும் இருப்பதில்லை. வீட்டிலுள்ள மின்சாரப் பொருள்கள் ஒன்றுக்கொன்று தரும் இடையூறுதான் இப்படிக் காதுக்கும் கண்ணுக்கும் எட்டுகிறது. காரணம் தெரிந்தால் பத்து வெள்ளிச் செலவிலோ, செலவே இல்லாமலோ பெரும்பாலான தொல்லைகளைத் தீர்த்துவிடலாம். காரணம் தெரியாதபோதுதான் வீண் செலவும் விபரீத யோசனைகளும் வருகின்றன. ஆயிரம் வெள்ளிக்கு மின்கம்பி வாங்கச் சொல்பவர் ஒரு பக்கம். "பிளக்கில் இருக்கும் எர்த் முனையைக் கழற்றி விடுங்கள், சத்தம் போய்விடும்" என்று சொல்பவர் இன்னொரு பக்கம். முதல் யோசனை பணப்பையைக் காலியாக்கும். இரண்டாவது யோசனை உயிரையே பறிக்கக்கூடும். அது ஏன் என்பதைத்தான் ஒவ்வொரு குடும்பமும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சத்தமே அடையாளம் காட்டும்

மருத்துவர் இருமலைக் கேட்டே நோயை ஊகிப்பதுபோல, இரைச்சலின் தன்மையைக் கொண்டே அது வரும் இடத்தை ஓரளவு ஊகிக்க முடியும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். அது விநாடிக்கு 50 முறை அலைபாய்கிறது. ஆழமான, மாறாத 'ம்ம்ம்' என்ற முனகல் கேட்டால் அது பெரும்பாலும் அந்த 50 அலைவுகளின் ஓசையே. சற்றுக் கூர்மையாக, தேனீக் கூட்டம்போல் 'ஸ்ஸ்ர்ர்' என்று கேட்டால் விநாடிக்கு 100 முறையும் அதன் மடங்குகளிலும் நிகழும் துடிப்பு அதில் கலந்திருக்கிறது. விளக்கின் ஒளியைக் குறைக்கும் டிம்மர், மின்னணு விசிறி ரெகுலேட்டர் போன்றவை அதற்குக் காரணமாகலாம். எப்போதாவது ஒருமுறை 'டக்' என்று கேட்டால் எங்கோ ஒரு சுவிட்சோ மோட்டாரோ இயங்கியிருக்கிறது.

ஒரு சிறு சோதனை இதைவிடப் பயனுள்ளது. ஒலியளவைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும். முனகலும் சேர்ந்து கூடிக் குறைந்தால், அது ஆம்ப்ளிபயருக்குள் வரும் கம்பிகளின் வழியாக நுழைகிறது. ஒலியளவை மாற்றியும் முனகல் அப்படியே இருந்தால், ஒலியளவைக் கட்டுப்படுத்தும் இடத்தைத் தாண்டித்தான் அது நுழைகிறது. தனி மின் இணைப்புள்ள சப்வூபரை அப்போது முதலில் சந்தேகிக்கலாம். முனகல் ஸ்பீக்கரிலிருந்து வராமல் ஆம்ப்ளிபயர் பெட்டியிலிருந்தே வந்தால், உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர்தான் அதிர்கிறது.

இந்தக் கடைசி வகையில் ஒரு வேடிக்கை உண்டு. தலைமுடி உலர்த்தும் கருவிகள் சிலவற்றில் குறைந்த சூட்டுக்கு மாற்றியதும், ஒரு டையோடு வழியாக மின் அலையின் ஒரு பாதியை மட்டுமே அவை உறிஞ்சும். அதனால் வீட்டு மின்சாரத்தின் சமநிலை சற்றுச் சாய்கிறது. வட்ட வடிவ டிரான்ஸ்பார்மர் உள்ள ஆம்ப்ளிபயர்களுக்கு அந்தச் சாய்வு பிடிக்காது, உறுமத் தொடங்கிவிடும். படுக்கையறையில் அக்கா முடி உலர்த்தினால் வரவேற்பறையில் ஆம்ப்ளிபயர் உறுமுவது இதனால்தான்.

முதல் காரணம்: எர்த் வளையம்

வீட்டுத் திரையரங்குகளில் கேட்கும் தொடர் முனகலுக்கு மிகப் பொதுவான காரணம், மின்னியலாளர்கள் எர்த் வளையம் என்று சொல்லும் நிலைதான்.

ஒரே குளத்திலிருந்து இரண்டு வாய்க்கால்கள் பிரிந்து செல்வதாக வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் நீர்மட்டம் ஏறக்குறைய ஒன்றுதான்; ஆனால் முற்றிலும் ஒன்றல்ல. நடுவில் ஒரு சிறு கால்வாய் வெட்டி இரண்டையும் இணைத்துவிட்டால், மட்டம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு நீர் ஓடத் தொடங்கும். வீட்டின் எர்த் கம்பிகளும் அப்படித்தான். ஆம்ப்ளிபயர் ஒரு சுவரிலுள்ள பிளக் பாயிண்டிலும் சப்வூபர் எதிர்ச் சுவரிலுள்ள பிளக் பாயிண்டிலும் செருகப்பட்டிருக்கும். இரண்டும் கடைசியில் ஒரே நிலத்தில்தான் முடிகின்றன. ஆனாலும் இடைப்பட்ட கம்பிகளின் நீளமும் அவற்றில் கசியும் மின்னோட்டமும் வேறுபடுவதால், இரு எர்த்துகளுக்கும் இடையே மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு நிலவுகிறது.

இந்த இரண்டு பெட்டிகளையும் ஓர் ஆடியோ கம்பியால் இணைக்கும்போது நடுக்கால்வாய் வெட்டப்பட்டுவிடுகிறது. வீடுகளில் பயன்படும் சாதாரண ஆடியோ கம்பியில் நடுவே ஒரு கம்பியும் அதைச் சுற்றி ஓர் உலோக உறையும் இருக்கும். ஒலிச் செய்தி போய்த் திரும்புவதற்கு இந்த இரண்டுமே வேண்டும். எர்த் வேறுபாட்டால் பிறக்கும் 50 அலைவு மின்னோட்டமும் அதே உறை வழியாக ஓடுகிறது. அதனால் ஒலிச் செய்தியோடு முனகலும் சேர்ந்து சப்வூபரை அடைகிறது. தாழ்ந்த ஓசையைப் பெருக்குவதுதான் சப்வூபரின் வேலை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. முனகலையும் சேர்த்துப் பெருக்கிவிடுகிறது.

எச்.டி.எம்.ஐ. கம்பி வழியே ஒலி டிஜிட்டலாகச் செல்வதால் இந்தத் தொல்லை வராது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கம்பிக்குள்ளும் உலோக உறையும் எர்த் இணைப்பும் இருக்கின்றன. கூரையில் உள்ள ஆன்டெனா அல்லது செயற்கைக்கோள் தட்டிலிருந்து இறங்கும் கம்பி டிகோடருக்கும், அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. வழியாக ஆம்ப்ளிபயருக்கும், அங்கிருந்து ஆடியோ கம்பி வழியாகச் சப்வூபருக்கும் செல்லும்போது, வளையம் கூரை வரை நீண்டுவிடுகிறது. அடுக்குமாடிக் கட்டடங்களில் பொது ஆன்டெனாவின் கம்பி கட்டடத்தின் வேறொரு மூலையில் எர்த் செய்யப்பட்டிருக்கும். படம் பழுதின்றித் தெரியும். முனகல் மட்டும் நிற்காது.

எர்த் முனையைத் தொடாதீர்கள்

வளையத்தில் எங்காவது ஓர் இடத்தை அறுத்துவிட்டால் முனகல் நிற்கும் என்பது உண்மை. பிளக்கிலுள்ள எர்த் கம்பியைக் கழற்றினாலும் முனகல் நின்றுவிடும். அதனால்தான் அந்த ஆபத்தான யோசனைக்கு ஆதரவு கிடைக்கிறது. "என் வீட்டில் பத்து வருடமாக அப்படித்தான் இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை" என்று சாட்சி சொல்பவர்களும் உண்டு.

எர்த் முனை எதற்காக இருக்கிறது? உலோகப் பெட்டிக்குள் எப்போதாவது உயிர்க்கம்பி தளர்ந்தோ, காப்புறை கருகியோ பெட்டியைத் தொட்டுவிட்டால், மின்சாரம் எர்த் கம்பி வழியாக உடனே நிலத்துக்குப் பாயும். பாய்ந்த மறுகணம் பியூஸ் பெட்டியிலுள்ள பாதுகாப்புச் சுவிட்ச் விழுந்து மின்சாரம் துண்டிக்கப்படும். எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால், அந்தப் பெட்டி 230 வோல்ட்டுடன் அமைதியாகக் காத்திருக்கும். அதை முதலில் தொடுபவரின் உடல்தான் எர்த் கம்பியாகிவிடும். தொடுபவர் வெறுங்காலோடு தரையில் அமர்ந்து படம் பார்க்கும் குழந்தையாகவும் இருக்கலாம்.

ஆபத்து ஒரு பெட்டியோடு நிற்பதுமில்லை. ஆடியோ கம்பியின் உலோக உறை எல்லாப் பெட்டிகளையும் இணைத்திருப்பதால், ஒன்றில் நேர்ந்த பழுது மற்றவற்றின் உலோகப் பாகங்களுக்கும் பரவும். வீட்டை எரிக்கும் அளவு மின்னோட்டத்தை மெல்லிய ஆடியோ கம்பி ஒன்று சுமக்க வேண்டிவரும்.

ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவுத் தடுப்புச் சுவிட்ச் இருக்கிறதே என்று கேட்கலாம். வீட்டு பிளக் பாயிண்டுகளுக்குப் பொதுவாகப் பொருத்தப்படுவது 30 மில்லிஆம்பியர் கசிந்தால் விழும் வகை. ஒரு 7 வாட் விளக்குக்குப் போகும் மின்னோட்டம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கு மேல் உடலில் சிறிது நேரம் பாய்ந்தாலே இதயத் துடிப்பு குலையக்கூடும். எர்த் இருந்தால், பழுது நேர்ந்த கணமே, யாரும் தொடாமலே அந்தச் சுவிட்ச் விழும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்டு அதிர்ச்சி வாங்கிய பிறகே விழும். ஆகவே அது எர்த்துக்குத் துணையாக வைக்கப்பட்ட காவல். எர்த்துக்கு மாற்று அல்ல. பழைய வீடுகளில் அது இல்லாமலும் இருக்கலாம். சிங்கப்பூரில் 1985 ஜூலைக்கு முன் கட்டப்பட்ட வீடுகள் சிலவற்றில் அது இல்லாதிருந்ததால், எல்லா வீடுகளிலும் அது கட்டாயம் என்ற விதி 2023 ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. வீட்டு உரிமையாளர்களுக்கு 2025 ஜூலை 1 வரை அவகாசமும் கொடுக்கப்பட்டது.

நம் வீடுகளில் சாதாரணமாகக் காணும் இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டு முனைப் பிளக்கைச் செருகுவதற்காக, மூன்றாவது துளையில் பேனாவையோ சாப்ஸ்டிக்கையோ குத்தித் திறப்பது. எர்த் முனை மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதற்குக் காரணம், அது முதலில் நுழைந்து எர்த்தை இணைத்து, உயிர்த்துளைகளை மூடியிருக்கும் சிறு கதவைத் திறக்க வேண்டும் என்பதே. அந்தக் கதவு குழந்தைகளின் விரலுக்காக வைக்கப்பட்டது. அதைக் குச்சியால் திறப்பதைப் பார்த்து வளரும் பிள்ளை, ஒருநாள் தானும் செய்து பார்க்கும். இதற்கென்றே விற்கப்படும் தரமான அடாப்டரின் விலை சில வெள்ளிதான்.

அப்படியானால் என்ன செய்வது?

வளையத்தை அறுக்கப் பாதுகாப்பான வழிகள் உண்டு. முதலில் வளையம் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஆம்ப்ளிபயரில் செருகியுள்ள எல்லா ஆடியோ, வீடியோ கம்பிகளையும் கழற்றிவிட்டு ஸ்பீக்கர்களை மட்டும் வைத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். சத்தம் இல்லையென்றால் ஆம்ப்ளிபயர் நலமாக இருக்கிறது. பின்னர் ஒவ்வொரு கம்பியாக இணைக்க வேண்டும். இணைக்கும்போதும் கழற்றும்போதும் ஆம்ப்ளிபயர் அணைந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஸ்பீக்கர் பழுதாகலாம். எந்தக் கம்பியை இணைத்ததும் முனகல் தொடங்குகிறதோ, அந்தக் கம்பியின் மறுமுனையில்தான் வளையம் மூடுகிறது. ஆன்டெனா கம்பியை முதலில் சந்தேகிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இதற்கான முதல் மருந்துக்குச் செலவு மிகக் குறைவு. தொலைக்காட்சி, டிகோடர், ஆம்ப்ளிபயர், சப்வூபர் ஆகிய எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து வரும் ஒரு தரமான எக்ஸ்டென்ஷனில் செருகுவது. எர்த்துகள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்துவிடுவதால் மட்ட வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடும். சுமை தாங்குமா என்ற கேள்வி எழலாம். 13 ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஏறக்குறைய 3,000 வாட் வரை தாங்கும். தொலைக்காட்சியும் வீட்டு ஆம்ப்ளிபயரும் சேர்ந்து சாதாரணமாக எடுப்பது அதில் சிறு பகுதிதான். அதே எக்ஸ்டென்ஷனில் கெட்டிலையும் இஸ்திரிப் பெட்டியையும் செருகக் கூடாது, அவ்வளவுதான்.

அது போதாவிட்டால், டிகோடருக்கும் ஆம்ப்ளிபயருக்கும் இடையே ஒளியிழைக் கம்பியைப் பயன்படுத்தலாம். 1983இல் தோஷிபா நிறுவனம் அறிமுகப்படுத்திய முறை அது. ஒலி, ஒளியாகச் செல்கிறது. உலோகம் இல்லாததால் மின்சாரம் தாண்ட வழியே இல்லை. சாதாரணத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கும் சுருக்கப்பட்ட 5.1 ஒலிக்கும் இது போதும். புளூரே வட்டுகளில் உள்ள சுருக்கத்தில் இழப்பில்லாத சுற்றொலிக்கு இதில் இடம் போதாது.

சப்வூபருக்குச் செல்லும் கம்பியில் சிறிய தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் ஒன்றைச் சேர்க்கலாம். அது ஒலியைக் காந்தப் புலத்தின் வழியாகக் கடத்திவிட்டு எர்த் தொடர்பைத் துண்டிக்கிறது. ஆன்டெனா கம்பிக்கும் இதுபோன்ற தனிமைப்படுத்திகள் உண்டு. ஆனால் செயற்கைக்கோள் தட்டின் கம்பியில் இதைப் பொருத்தக் கூடாது. தட்டின் முனையிலுள்ள கருவிக்குத் தேவையான மின்சாரம் அதே கம்பி வழியாகத்தான் மேலே போகிறது. தனிமைப்படுத்தி அதைத் தடுத்தால் படமே வராது. அத்தகைய வீடுகளில், தட்டின் கம்பியை வீட்டின் எர்த்தோடு முறையாக இணைக்கும் வேலையை உரிமம் பெற்ற மின் பணியாளரிடம் விட்டுவிடுவதே நல்லது.

இரண்டாவது காரணம்: அலையை வெட்டும் கருவிகள்

விசிறியைக் குறைத்ததும் எழும் 'கர்ர்ர்' ஓசைக்கு எர்த் காரணமல்ல. டிம்மர்களும் மின்னணு ரெகுலேட்டர்களும் விநாடிக்கு 100 முறை மின்சாரத்தைச் சட்டென்று திறந்து மூடுகின்றன. மெதுவாக ஏறி இறங்க வேண்டிய அலையைக் கத்தியால் வெட்டியதுபோல் ஆகிறது. கூர்மையாக வெட்டப்பட்ட அலையில் உயர்ந்த அதிர்வுகள் ஏராளமாகப் பிறக்கும். அவை வீட்டுக் கம்பிகளில் ஓடியும், காற்றில் பரவியும் ஆடியோ கம்பிகளைத் தொற்றுகின்றன.

எல்.இ.டி. விளக்குகளும் கைப்பேசி சார்ஜர்களும் வேறொரு வகை. அவற்றின் உள்ளே மின்சாரம் விநாடிக்குப் பல்லாயிரம் முறை, சிலவற்றில் லட்சக்கணக்கான முறை வெட்டப்படுகிறது. எடை குறைவாகவும் சிக்கனமாகவும் அவை இருப்பதற்கு அதுவே காரணம். இந்த வெட்டலால் பிறக்கும் இரைச்சல் வெளியே கசியாமல் தடுக்க, உள்ளே ஒரு வடிகட்டி இருக்க வேண்டும். இரவுச் சந்தையில் மூன்று வெள்ளிக்கு விற்கும் சார்ஜரில் முதலில் விடுபடுவது அந்த வடிகட்டிதான். மலேசியாவில் சிரிம் முத்திரை, சிங்கப்பூரில் பாதுகாப்புச் சின்னம் ஆகியவற்றைப் பார்த்து வாங்குவது முதன்மையாக உயிர்ப் பாதுகாப்புக்காக. முறையாகச் செய்த பொருளில் வடிகட்டியும் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பது கூடுதல் நன்மை.

இத்தகைய இடையூறுகளுக்கு உலக அளவில் எல்லை வகுக்கும் சிஸ்பர் என்ற குழு 1934இலேயே தொடங்கப்பட்டது. வானொலி கேட்கும் வீடுகளில் மோட்டார்களின் கரகரப்பு புகுந்த காலம் அது. பொருள்கள் மாறினாலும் சிக்கல் மாறவில்லை.

எந்தப் பொருள் குற்றவாளி என்று கண்டுபிடிக்க, பேட்டரியில் ஓடும் பழைய மத்திய அலை வானொலி ஒன்று போதும். நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, வீட்டுக்குள் நடந்து பார்க்க வேண்டும். தொல்லை தரும் விளக்கையோ சார்ஜரையோ நெருங்கும்போது கரகரப்பு உயரும். அதை அணைத்ததும் அடங்கினால், பிடிபட்டது கையும் களவுமாக.

பரிகாரமும் எளிது. மின்கம்பிகளையும் ஆடியோ கம்பிகளையும் ஒன்றாகச் சுருட்டிக் கட்டி வைக்கக் கூடாது. அழகுக்காக ஒரே குழாயில் இரண்டையும் இழுத்துவிடுவது வீடு புதுப்பிப்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. இரண்டும் ஒன்றையொன்று கடக்கத்தான் வேண்டும் என்றால் சிலுவைபோல் குறுக்காகக் கடக்கட்டும். பக்கத்தில் பக்கத்தில் நீண்ட தூரம் ஓட வேண்டாம். கணினிக் கம்பிகளில் தென்படும் கறுப்பு உருளை போன்ற பெரைட் வளையத்தைத் தனியாகவும் வாங்கிக் கம்பியில் மாட்டலாம். உயர்ந்த அதிர்வு இரைச்சலை அது நன்றாக உறிஞ்சும். 50 அலைவு முனகலை அது ஒன்றும் செய்யாது.

மூன்றாவது காரணம்: ஒரு கணப் பொறி

குளிர்பெட்டி, குளிர்சாதனம், நீர் பம்பு, பழைய குழல் விளக்கின் சோக் போன்றவற்றில் கம்பிச் சுருள் இருக்கிறது. சுருளில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று நிறுத்தினால், அது நிற்க மறுத்து, சுவிட்சின் இடைவெளியில் பொறியாகத் தாவும். அந்தப் பொறி ஒரு சிறிய வானொலி நிலையம் போன்றது. ஏறக்குறைய எல்லா அலைவரிசைகளிலும் ஒரு கணம் ஒலிபரப்பிவிட்டு மறையும்.

பழைய தொலைக்காட்சிகளில் அது திரையில் வெள்ளைப் புள்ளிகளாகச் சிதறும். இரு நாடுகளிலும் 2019இல் பழைய அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு டிஜிட்டல் ஒளிபரப்பு முழுமையாக வந்தபின் அறிகுறி மாறிவிட்டது. டிஜிட்டல் கருவி சிறு பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும். பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. திருத்த முடியாத அளவு பிழை கூடியதும் படம் ஒரேயடியாகக் கட்டம் கட்டமாக உடையும் அல்லது உறைந்து நிற்கும். சன்னல் ஓரம் வைத்த சிறு ஆன்டெனாவில், அலை வலுவில்லாத வீடுகளில், இது அடிக்கடி நிகழும்.

விளக்கை அணைத்ததும் திரை கறுப்பதும் இதே கதைதான். இன்றைய எச்.டி.எம்.ஐ. 2.1 கம்பி விநாடிக்கு 48 கிகாபிட் வரை சுமக்கிறது. நீளமான, உறை சரியில்லாத கம்பியில் அந்தச் செய்தி ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருக்கும். ஒரு பொறி வந்து மோதியதும் இரு கருவிகளுக்கும் இடையே இருந்த ஒப்பந்தம் முறிந்துவிடுகிறது. மறுபடியும் கைகுலுக்கி, நகல் பாதுகாப்புச் சோதனையை முடித்து, படத்தைத் தொடங்க இரண்டு மூன்று விநாடிகள் ஆகின்றன. குட்டையான, தரச் சான்றுள்ள கம்பி இதைத் தீர்க்கும். அறையின் மறுகோடிவரை செல்ல வேண்டுமானால் ஒளியிழை எச்.டி.எம்.ஐ. கம்பி பொருத்தம்.

ஒரு பழைய கருவி எவ்வளவு தூரம் தொல்லை தர முடியும் என்பதற்கு வேல்ஸ் நாட்டின் அபெர்ஹோசன் கிராமம் சாட்சி. அங்கே 18 மாதங்களாகத் தினமும் காலை 7 மணிக்கு இணையச் சேவை படுத்துவிடும். ஓபன்ரீச் பொறியாளர்கள் கம்பிகளையே மாற்றிப் பார்த்தும் பலனில்லை. 2020இல் அலையை அளக்கும் கருவியோடு அதிகாலை மழையில் ஊரைச் சுற்றி நடந்தபோதுதான் காரணம் தெரிந்தது. ஒரு வீட்டில் காலை 7 மணிக்கு உயிர்பெறும் பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றே அது. உரிமையாளருக்கு அது தெரியவே தெரியாது. அவர் அதை அணைத்தார். ஊரின் இணையம் சரியானது.

கம்பியில்லாக் கருவிகள்

புளூடூத் ஸ்பீக்கர்களும், கம்பியில்லாச் சப்வூபர்கள் பலவும், வைபையின் ஒரு பகுதியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியைப் பங்கிடுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பு சூடாக்குவதும் 2.45 கிகாஹெர்ட்சில்தான். அடுப்பு ஓடும்போது பாடல் விட்டு விட்டுக் கேட்டால் வியப்பில்லை. யு.எஸ்.பி. 3 வன்தட்டுகளும் இதே பகுதியில் இரைச்சல் எழுப்பும் என்று இன்டெல் நிறுவனம் 2012இல் விளக்கியது. வன்தட்டைக் கம்பியில்லாக் கருவியின் அருகே வைக்காமல் சற்று நகர்த்தினாலும், தொலைக்காட்சியின் வைபையை 5 கிகாஹெர்ட்சுக்கு மாற்றினாலும் பெரும்பாலும் போதும்.

நேயர்கள் வழக்கமாகக் கேட்பவை

விலையுயர்ந்த மின்கம்பி வாங்கினால் முனகல் போகுமா? சுவருக்குள்ளே பல மீட்டர் சாதாரணக் கம்பி வழியாக வந்த மின்சாரத்தை, கடைசி ஒன்றரை மீட்டர் மாற்றிவிட முடியாது. எர்த் வளையம் இருந்தால் எந்த விலைக் கம்பியாலும் அது போகாது.

பெட்டியைத் தடவும்போது விரலில் குறுகுறுப்பு தெரிகிறதே? எர்த் தேவைப்படாத வகையில் இரட்டைக் காப்புறையோடு செய்யப்பட்ட கருவிகள் உண்டு. சதுரத்துக்குள் சதுரம் அவற்றின் அடையாளம். அவற்றின் இரைச்சல் வடிகட்டியிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டம் கசிவதால் அந்தக் குறுகுறுப்பு வரலாம். எர்த் முனையுள்ள கருவியில் அப்படித் தெரிந்தாலோ, எந்தக் கருவியிலாவது வெடுக்கென்று அதிர்ச்சி அடித்தாலோ, உடனே பயன்பாட்டை நிறுத்தி மின் பணியாளரை அழைக்க வேண்டும்.

மழையில் செயற்கைக்கோள் படம் போவதும் இடையூறா? இல்லை. ஏறக்குறைய 12 கிகாஹெர்ட்சில் வரும் அலையைக் கனமழையின் துளிகள் உறிஞ்சிச் சிதறடிக்கின்றன. மழை குறைந்தால் படம் வந்துவிடும்.

இடி இடிக்கும்போது? சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாட்களுக்கும் மேல் இடிமழை. மலேசியாவிலும் குறைவில்லை. மின் பிளக்கோடு ஆன்டெனா கம்பியையும் கழற்ற வேண்டும். மின்னல் இரண்டு வழியிலும் வரும். இடி நெருங்கும் முன்பே கழற்றுவது முக்கியம். மின்னெழுச்சித் தடுப்பான் பொருத்திய எக்ஸ்டென்ஷன் ஓரளவு உதவும்; அதன் பாதுகாப்பில் ஒரு பங்கு எர்த்தையே நம்பியிருக்கிறது.

காதும் உயிரும்

இவ்வளவு செய்தும் முனகல் முழுவதும் போகாமல் சிறிது மிஞ்சலாம். வசனம் ஓடும்போது கேட்காத அளவுக்கு அது குறைந்துவிட்டால் அதோடு விட்டுவிடுவதில் தவறில்லை. எர்த் கழற்றப்பட்ட பெட்டியோ எந்த ஓசையும் எழுப்பாது. அது எச்சரிக்கை தராது. பத்து வருடம் ஒன்றும் ஆகாமலும் இருக்கும். பழுது நேரும் அந்த ஒரு நாளில் அதைத் தொடப்போவது யார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

இந்த வார இறுதியில் தொலைக்காட்சி அலமாரியின் பின்பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். வீட்டை விற்றவரோ, முன்பு பழுது பார்க்க வந்தவரோ, அக்கறையுள்ள நண்பரோ எந்தப் பிளக்கிலாவது எர்த் முனையை நீக்கியிருந்தால், படம் பார்க்க உட்காரும் முன் அதை மாற்றிவிட வேண்டும். அதோடு பியூஸ் பெட்டியிலுள்ள ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பார்க்கலாம். சுவிட்ச் உடனே விழ வேண்டும். விழாவிட்டால், முனகலைப் பற்றிய கவலையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் மின் பணியாளரை அழைக்க வேண்டும்.